ஒரு ஃபோட்டான் இரண்டாகுமா?

பன்னிரண்டாம் வகுப்பில் ஒளிமின் விளைவை நடத்திக்கொண்டிருந்தேன். ஃபோட்டான் என்பது ஆற்றல் சிப்பம். எலக்ட்ரான் அதை முழுதாக உட்கவரும், இல்லையென்றால் தொடவே தொடாது. அரை ஃபோட்டான் என்று ஒன்று கிடையாது. வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் கணக்கு எழுதத் திரும்பினேன். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"மிஸ், ஊதா ஃபோட்டானோட ஆற்றல், ரெண்டு மடங்கு அலைநீளம் இருக்கிற ஃபோட்டானைப் போல ரெண்டு பங்குதானே? அப்போ ஒரு ஊதா ஃபோட்டானை ரெண்டு ஃபோட்டானா மாத்த முடியுமா?"

"முடியாதும்மா. ஃபோட்டான் உடையாது. தேர்வுக்கு இது வராது, உட்கார்" என்றேன். அன்று பாடத்தை முடிக்க எனக்குப் பத்து நிமிடம்தான் மீதி இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பணியிடைப் பயிற்சியில் குவாண்டம் தொழில்நுட்பம் பற்றிய அமர்வு. திரையில் ஒரே ஒரு வரி: 405 நானோமீட்டர் உள்ளே, 810-உம் 810-உம் வெளியே. என் மாணவி கேட்டது அப்படியே அங்கே நின்றது. 1970 முதல் ஆய்வகங்களில் நடக்கிறது. இப்போது விரல் நக அளவுச் சில்லுக்குள்ளேயே நடக்கிறது என்றார் கருத்தாளர். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். அந்த மாணவி அதன் பிறகு வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று முதல் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், அதை வகுப்புக்குக் கொண்டுபோன விதத்தையும் இங்கே பகிர்கிறேன். கருத்து புதியது என்றாலும் அதன் ஒவ்வொரு படியும் நம் பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது.

கணக்கு சரியாக வருகிறதா?

முதலில் ஆற்றல் மாறா விதி. ஃபோட்டானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் பெற 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். 405 நானோமீட்டர் ஊதா ஒளிக்கு 3.06 எலக்ட்ரான் வோல்ட். 810 நானோமீட்டர் அகச்சிவப்புக்கு 1.53. இரண்டு 1.53 சேர்ந்தால் 3.06. கணக்கு சரி.

இரண்டும் சமமாகத்தான் பிரிய வேண்டும் என்பதில்லை. அலைநீளங்களின் தலைகீழிகளைக் கூட்டினால் சமன்பாடு சரியாக வந்தால் போதும்: 1/405 = 1/810 + 1/810. ஒன்று 780 நானோமீட்டரில் வந்தால் மற்றது எதுவாக இருக்கும்? 1/405-இலிருந்து 1/780-ஐக் கழித்துத் தலைகீழாக்கினால் ஏறக்குறைய 842 நானோமீட்டர். தலைகீழி, பின்னம் கழித்தல் தெரிந்த எந்த மாணவரும் இதைச் செய்யலாம். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியர் இதையே பயிற்சிக் கணக்காகக் கொடுத்தார்.

ஆனால் "உடைகிறது" என்ற சொல்லில் கவனம் வேண்டும். கல் உடைந்து இரண்டு துண்டாவது போல இது நடப்பதில்லை. உள்ளே வந்த ஃபோட்டான் மறைகிறது. புதிதாக இரண்டு ஃபோட்டான்கள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றும் முழு ஃபோட்டான். ஆகவே "அரை ஃபோட்டான் இல்லை" என்று நான் சொன்னது சரி. "முடியாது" என்று சொன்னதுதான் தவறு. மாணவர்களிடம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஊஞ்சல் சொல்லும் பாடம்

ஒரு அதிர்வு அதன் பாதி அதிர்வெண்ணுள்ள இன்னொரு அதிர்வை வளர்க்குமா? தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கே இதற்கு விடை தெரியும். ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடும் குழந்தையைக் கவனியுங்கள். பின்னால் நின்று தள்ள யாரும் இல்லை. இரு கோடியிலும் முழங்காலை மடக்குகிறது, நடுவில் தாழ்ந்து வரும்போது நிமிர்கிறது. ஒரு முழு ஆட்டத்துக்குள் இருமுறை உட்கார்ந்து இருமுறை எழுகிறது. அதாவது, உடலின் அதிர்வெண் ஊஞ்சலின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு. அப்படியிருந்தும் ஊஞ்சல் உயர்ந்துகொண்டே போகிறது. இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் செலுத்திய ஆற்றல் பாதி அதிர்வெண்ணுள்ள அசைவாக மாறுகிறது. படிகத்துக்குள் நடப்பதும் இதன் உறவுமுறைதான்.

இந்த உவமையில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அசையாமல் தொங்கும் ஊஞ்சலில் ஏறி எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தாலும் அது ஆடாது. தொடக்கத்தில் ஒரு சிறு அசைவு வேண்டும். படிகத்துக்குள் அந்த முதல் அசைவை யார் கொடுப்பது? 810 நானோமீட்டர் ஒளியை நாம் உள்ளே அனுப்பவில்லையே? குவாண்டம் இயற்பியலின்படி இருட்டிலும் மின்காந்தப் புலம் முழு ஓய்வில் இருப்பதில்லை; குறைந்தபட்ச அலைவு ஒன்று எப்போதும் உண்டு. அந்தச் சிறு அலைவே முதல் தூண்டுதல். அதனால்தான் இதைத் தன்னிச்சையான நிகழ்வு என்கிறார்கள். எப்போது நடக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எல்லாப் பொருளிலும் நடக்காதது ஏன்?

ஜன்னல் கண்ணாடி வழியே வரும் சூரிய ஒளி ஏன் இப்படி மாறுவதில்லை? இங்கே ஹூக் விதியை நினைவூட்டலாம். சுருள்வில்லை மெதுவாக இழுத்தால் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பலமாக இழுத்தால் அந்த நேர்விகிதம் குலையும். பொருளில் உள்ள எலக்ட்ரான்களும் அப்படித்தான். மங்கலான ஒளியின் மின்புலத்தில் அவை புலத்துக்கு நேர்விகிதமாக அசைகின்றன. வந்த நிறமே வெளியே போகிறது. வலுவான புலத்தில் அசைவு நேர்விகிதத்திலிருந்து விலகுகிறது. புலத்தின் வர்க்கத்தைச் சார்ந்த ஒரு சிறு பகுதி சேர்கிறது. இதைத்தான் நேரியல் அல்லாத ஒளியியல் என்கிறோம்.

வர்க்கம் வந்தால் என்ன ஆகும்? பதினோராம் வகுப்புத் திரிகோணமிதியின் இரட்டைக் கோணச் சூத்திரத்தைப் பாருங்கள். சைனின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கினால், ஒன்றிலிருந்து இரட்டைக் கோணத்தின் கொசைனைக் கழித்ததற்குச் சமம். ஒரு அதிர்வெண்ணை வர்க்கமாக்கியதும் இரட்டை அதிர்வெண் வந்துவிடுகிறது. "இந்தச் சூத்திரம் எதற்கு மிஸ்?" என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. 1960-இல் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் குழுவினரும் 694 நானோமீட்டர் சிவப்பு ரூபி லேசரைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தினார்கள். ஒளிப்படத் தகட்டில் 347 நானோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மிகச் சிறிய புள்ளி ஒன்று பதிவானது. இரண்டு சிவப்பு ஃபோட்டான்கள் சேர்ந்து ஒரு புறஊதா ஃபோட்டானாகியிருந்தன. கட்டுரை வெளியானபோது படத்தில் அம்புக்குறி இருந்தது, புள்ளி இல்லை! தகட்டில் படிந்த கறை என்று எண்ணி அச்சுக்கு முன் நீக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். இதைப் படித்தபோது என் வகுப்பில் நான் நீக்கிய புள்ளி நினைவுக்கு வந்தது.

கடைகளில் கிடைக்கும் 532 நானோமீட்டர் பச்சை லேசர் விளக்குகளின் உள்ளே நடப்பதும் இந்தச் சேர்க்கைதான். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி ஒரு சிறு படிகத்தில் இரட்டை அதிர்வெண்ணாக மாறிப் பச்சையாக வருகிறது. உதாரணமாகச் சொல்லலாம், வகுப்பில் இயக்கிக் காட்ட வேண்டாம். மலிவான விளக்குகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியக்கூடும். விழித்திரைக்கு அது ஆபத்து.

சேர்வது நடக்கும் என்றால் பிரிவதும் நடக்க வேண்டும். 1970-இல் டேவிட் பர்ன்ஹாம், டொனால்டு வைன்பர்க் ஆகிய இருவரும் 325 நானோமீட்டர் லேசரை அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகத்தில் செலுத்தினார்கள். ஆற்றல் மாறா விதியும் உந்த மாறா விதியும் காட்டிய இரண்டு திசைகளில் இரண்டு உணர்விகளை வைத்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் துடித்தன. ஒன்றின் இடத்தை மாற்றினால் அந்த ஒற்றுமை மறைந்தது. ஜோடியாகப் பிறந்த ஃபோட்டான்கள் அவை என்பதற்கு அதுவே சான்று.

அடி ஒத்துப் போக வேண்டும்

ஆற்றல் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அணிவகுப்பில் இருவர் சேர்ந்து நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் வேகம் சற்றே குறைந்தால் சில அடிகளுக்குப் பின் ஒருவர் இடது காலும் மற்றவர் வலது காலும் வைப்பார்கள். பொருளுக்குள் ஒளிவிலகல் எண் அலைநீளத்தைப் பொறுத்து மாறும். முப்பட்டகம் நிறங்களைப் பிரிப்பது இதனால்தான். குறைந்த அலைநீளம் மெதுவாகவும் அதிக அலைநீளம் வேகமாகவும் செல்வதால், படிகத்தின் தொடக்கத்தில் உருவான அலையும் நடுவில் உருவான அலையும் அடி தவறி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இதைச் சமாளிக்க 1962-இலேயே நிக்கோலாஸ் புளூம்பெர்கனும் உடன் உழைத்தவர்களும் ஒரு வழி சொன்னார்கள். அடி தவறப் போகும் இடத்தில் படிகத்தின் திசையையே தலைகீழாகத் திருப்பிவிடுவது. அடுத்து தவறப் போகும் இடத்தில் மீண்டும் திருப்புவது. அடி தவறியவர் ஒரு சிறு தாவலில் காலை மாற்றிக்கொள்வது போல. புளூம்பெர்கன் 1981-இல் நோபல் பரிசு பெற்றவர். இன்று லிதியம் நியோபேட் படிகத்தில் உயர் மின்னழுத்தம் கொடுத்து, சில மைக்ரோமீட்டர் முதல் இருபது மைக்ரோமீட்டர் வரையிலான இடைவெளியில் இப்படிப் பட்டை பட்டையாகத் திருப்புகிறார்கள். 775 நானோமீட்டர் ஒளியை உள்ளே அனுப்பினால் 1550 நானோமீட்டரில் இரண்டு ஃபோட்டான்கள் கிடைக்கும். இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழைகளில் இழப்பு மிகக் குறைவாக உள்ள அலைநீளம் இந்த 1550.

சில்லுக்குள் ஏன்?

ஒரு மில்லிவாட் 405 நானோமீட்டர் லேசரிலிருந்து ஒரு வினாடிக்கு எத்தனை ஃபோட்டான்கள் வரும்? ஏறக்குறைய 2 × 10¹⁵. அவற்றில் மிக மிகச் சிலவே ஜோடியாக மாறும். மற்றவை படிகத்தைச் சும்மா கடந்து போகும். வாய்ப்பைக் கூட்ட வேண்டும் என்றால் புலம் வலுவாக இருக்க வேண்டும். அதாவது, ஒளியை மிகச் சிறிய பரப்பில் நெருக்க வேண்டும். லென்சால் குவிக்கலாம்; ஆனால் குவிந்த கற்றை உடனே விரிந்துவிடும்.

இங்கேதான் அலைநடத்தி உதவுகிறது. ஆய்வகங்களில் வேவ்கைடு என்பார்கள். கண்ணாடியின் மேல் சிலிக்கானால் வரைந்த மெல்லிய கோடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1550 நானோமீட்டர் ஒளிக்குச் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 3.48, சுற்றியுள்ள சிலிக்கா கண்ணாடிக்கு 1.44. மாறுநிலைக் கோணத்தை மாணவர்களே கணக்கிடட்டும்: 1.44-ஐ 3.48-ஆல் வகுத்தால் 0.414, அதற்குரிய கோணம் 24 பாகைக்குச் சற்று மேல். அதைவிட அதிகக் கோணத்தில் சுவரைத் தொடும் ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே இருக்கும். தடம் ஒளியின் அலைநீளத்தைவிடக் குறுகலானது என்பதால் கதிர்ப் படம் இங்கே முழுமையானதல்ல. இருந்தாலும் ஒளி ஏன் வெளியேறுவதில்லை என்பதை உணர்த்த அது போதும்.

அந்தத் தடம் எவ்வளவு சிறியது? வழக்கமான அளவு 500 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரம். குறுக்குவெட்டுப் பரப்பு 0.11 சதுர மைக்ரோமீட்டர். ஒரு மில்லிவாட் ஒளி ஒரு சதுர மில்லிமீட்டரில் பரவியிருந்தால் அதன் செறிவு நண்பகல் வெயிலின் அளவுதான். அதே ஒரு மில்லிவாட்டை இந்தத் தடத்துக்குள் அடைத்தால் செறிவு ஏறக்குறைய 90 லட்சம் மடங்கு. அதுவும் தடம் போகும் தொலைவு முழுதும் விரியாமல். வெயில் 90 லட்சம் மடங்கு என்றதும் என் வகுப்பில் ஒரு மாணவன், "சில்லு எரிஞ்சுடாதா மிஸ்?" என்றான். நல்ல கேள்வி. ஒளியை உட்கவர்ந்தால்தானே சூடாகும்? 1550 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 0.8 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கானின் விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி 1.12. தாண்ட முடியாது. அதனால் நம் கண்ணுக்குக் கருஞ்சாம்பலாகத் தெரியும் சிலிக்கான், இந்த ஒளிக்குத் தெளிந்த கண்ணாடி.

சிலிக்கானில் வேறு வழி

சிலிக்கான் படிகத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் அணு அமைப்பு மையச் சமச்சீர் உடையது. புலத்தின் திசையைத் திருப்பினால் எலக்ட்ரான்களின் அசைவும் அப்படியே திரும்ப வேண்டும். கணித ஆசிரியர்கள் சொல்லும் ஒற்றைப்படைச் சார்பு இது. வர்க்கம் அதற்கு ஒத்துவராது. எதிர்க்குறியின் வர்க்கமும் நேர்க்குறிதானே! ஆகவே சிலிக்கானில் வர்க்கப் பகுதிக்கு இடமில்லை. கனத்தைச் சார்ந்த பகுதிதான் உண்டு.

இதனால் ஒரு ஃபோட்டான் இரண்டாவதற்குப் பதில், இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றாக மறைந்து வேறு இரண்டு தோன்றுகின்றன. மொத்தம் நான்கு அலைகள் பங்கேற்பதால் இதை நான்கலைக் கலப்பு என்கிறோம். 1550 நானோமீட்டர் ஃபோட்டான்கள் இரண்டு மறைந்து, ஒன்று 1540-இல் தோன்றினால் மற்றது ஏறக்குறைய 1560-இல் தோன்றும். இரண்டு ஃபோட்டான்கள் தேவைப்படுவதால் லேசர் திறனை இரண்டு மடங்காக்கினால் ஜோடிகள் நான்கு மடங்காகும்.

அப்படியானால் திறனைக் கூட்டிக்கொண்டே போகலாமே? இரண்டு தடைகள். முதலாவது, மேலே பார்த்த ஆற்றல் இடைவெளி. ஒரு ஃபோட்டானால் தாண்ட முடியாத 1.12-ஐ இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்தால் 1.6 ஆகித் தாண்டிவிடும். செறிவு கூடக்கூட இந்த இழப்பும் கூடும். இரண்டாவது, ஒரே நேரத்தில் இரண்டு ஜோடிகள் பிறந்துவிடும் அபாயம். எது எதற்கு ஜோடி என்று தெரியாமல் போகும். அதனால் ஒரு லேசர் துடிப்புக்குச் சராசரியாகப் பத்தில் ஒரு ஜோடிக்கும் குறைவாக வருமாறு வேண்டுமென்றே அடக்கி வைப்பார்கள்.

இங்கே நம் சர் சி.வி. ராமன் வருகிறார். 1928 பிப்ரவரி 28-இல் அவர் அறிவித்த விளைவின்படி, பொருளின் அணு அதிர்வுகளுக்கு ஆற்றலைக் கொடுத்துவிட்டுச் சில ஃபோட்டான்கள் நிறம் மாறிச் சிதறும். கண்ணாடி இழையில் ஜோடிகளை உருவாக்கினால் இந்தச் சிதறல் பரந்த அலைநீள எல்லையில் வந்து ஜோடிகளோடு கலந்துவிடுகிறது. கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கற்று இருப்பதே காரணம். சிலிக்கான் ஒழுங்கான படிகம். அதில் ராமன் சிதறல் குறுகிய ஒரே இடத்தில், 1550 நானோமீட்டர் லேசருக்கு 1690 நானோமீட்டர் அருகே வருகிறது. 1540-உம் 1560-உம் தப்பித்துக்கொள்கின்றன. தேசிய அறிவியல் நாள் விழாவில் ராமன் விளைவைப் பழைய வரலாறாக மட்டும் சொல்லாமல், இன்றைய சில்லு வடிவமைப்பாளரின் கணக்கிலும் அது இருக்கிறது என்று சொல்லலாம்.

ஜோடி என்று எப்படித் தெரியும்?

கடலளவு லேசர் ஒளியிலிருந்து துளியளவு ஜோடிகளைப் பிரித்தாக வேண்டும். சிலிக்கான் சில்லுகளில் லேசர் ஒளியை ஆயிரம் கோடியில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிப்பான்கள் தேவைப்படும். பிறகு ஒவ்வொரு ஃபோட்டானையும் ஓர் உணர்வி எண்ணும். ஆனால் உணர்வி துடித்ததெல்லாம் ஜோடியில் ஒன்று என்று சொல்ல முடியாது. இரண்டு உணர்விகளும் ஒரே நேரத்தில் துடித்ததா என்பதே கேள்வி. இதை உணர்த்த நான் செய்த விளையாட்டுக்குப் பகடையும் நாணயமும் போதும். ஆறாம் வகுப்பு முதல் எங்கும் செய்யலாம்.

முதல் சுற்று: வகுப்பின் இரு மூலைகளில் இரண்டு மாணவர்கள். ஒவ்வொருவரிடமும் 1 முதல் 100 வரை எழுதிய தாள். ஆசிரியர் எண்ணைச் சொல்லச் சொல்ல இருவரும் தனித்தனியே பகடை உருட்ட வேண்டும். 6 விழுந்தால் அந்த எண்ணில் குறி. முடிவில் இருவரும் ஒரே எண்ணில் குறித்தவை எத்தனை? 100-ஐ 36-ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்று. இவை தற்செயல், ஜோடி அல்ல.

இரண்டாம் சுற்று: நடுவில் ஒருவர் மட்டும் பகடை உருட்டுவார். 6 விழுந்தால் இருவருக்கும் ஆளுக்கொரு "ஃபோட்டான்". ஆனால் வழியில் இழப்பு உண்டு. ஒவ்வொருவரும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் மட்டும் குறிக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு மாணவரிடம் 9 குறிகள், இன்னொருவரிடம் 8, இரண்டிலும் பொதுவாக 4. தற்செயலாக மட்டும் நடந்திருந்தால் 9-ஐ 8-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்க, ஒன்றுகூடத் தேறாது. நான்கு வந்திருக்கிறது என்றால் அவை ஒரே இடத்தில் பிறந்தவை.

இன்னும் ஒன்று. 9-ஐ 8-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 18. நடுவில் உருட்டியவர் உண்மையில் 6 போட்டது 17 முறை! வழியில் எத்தனை தொலைந்தன என்று தெரியாமலேயே எத்தனை ஜோடிகள் பிறந்தன என்று கண்டுபிடித்துவிட்டோம். குளத்தில் மீன்களைப் பிடித்துக் குறியிட்டு விட்டு, மறுபடி பிடித்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிடும் முறையும் இதே கணக்குதான். ஆய்வகத்திலும் உணர்வியின் திறனை இப்படித்தான் கணிக்கிறார்கள்.

எதற்கு இத்தனை பாடு?

ஜோடியில் ஒன்றைக் கண்டதும் மற்றது வந்துகொண்டிருக்கிறது என்று உறுதியாகத் தெரியும். வேண்டியபோது ஒற்றை ஃபோட்டானைக் கையாள இதுவே எளிய வழிகளில் ஒன்று. ஜோடியைக் குவாண்டம் பிணைப்பில் வைக்கவும் முடியும். அத்தகைய ஃபோட்டான்களைக் கொண்டு செய்த சோதனைகளுக்காக அலைன் ஆஸ்பெ, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் ஆகியோர் 2022-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ரகசியச் சாவிகளைப் பகிரும் தொடர்பியலுக்கு இவை அடிப்படை. 2023 ஏப்ரலில் இந்திய அரசு 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களில் குவாண்டம் தொடர்பியலுக்கானது சென்னை ஐ.ஐ.டி.யில் சி-டாட் நிறுவனத்துடன் இணைந்து அமைந்துள்ளது. நம் மாணவர்கள் போய்ச் சேரக்கூடிய தொலைவுதான்.

ஒரு எச்சரிக்கை. காணொளிகளைப் பார்த்துவிட்டு மாணவர்கள், "இதனால ஒளியைவிட வேகமா செய்தி அனுப்பலாமாமே?" என்று கேட்பார்கள். முடியாது. இரு பக்கமும் தனித்தனியே பார்த்தால் வெறும் தற்செயல் முடிவுகள்தான். பகடை விளையாட்டில் இரு தாள்களையும் அருகருகே வைத்த பிறகுதானே ஒற்றுமை தெரிந்தது? தாளை நடந்து போய்த்தான் எடுத்து வர வேண்டும். ஆனால் பகடையோடு குவாண்டம் பிணைப்பு முடிந்துவிடுவதில்லை. பகடையால் விளக்க முடியாத வலுவான ஒற்றுமையைத்தான் அந்த நோபல் சோதனைகள் காட்டின என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

வகுப்புக்குத் திரும்பினேன்

பயிற்சி முடிந்த அடுத்த திங்கட்கிழமை, பாடம் தொடங்கும் முன் அந்த மாணவியை எழுப்பினேன். "நவம்பர்ல நீ ஒரு கேள்வி கேட்டே. நான் முடியாதுன்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு. முடியும்" என்று வகுப்பின் முன்னால் சொன்னேன். 405, 810, 810 என்று பலகையில் எழுதினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த மலர்ச்சி ஒன்றும் அவள் முகத்தில் இல்லை.

பகடை விளையாட்டு நடந்த அன்று நடுவில் உருட்டியது அவள்தான். மணி அடித்த பிறகு மேசையருகே வந்தாள். "மிஸ், ரெண்டு ஃபோட்டான் சேர்ந்து ஒண்ணாகுதுன்னு சொன்னீங்க. ஜோடியாப் பொறந்த அதே ரெண்டையும் திரும்ப ஒரு படிகத்துக்குள்ள விட்டா, பழைய ஊதா ஃபோட்டான் கிடைக்குமா?"

இம்முறை அவசரப்படவில்லை. "எனக்குத் தெரியலம்மா. படிச்சுட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்று அவள் கண் முன்னாலேயே எழுதி வைத்தேன். படித்தேன், விதிப்படி தடையில்லை, வாய்ப்புதான் மிக மிகக் குறைவு என்று வெள்ளிக்கிழமை சொன்னேன்.

அன்று வாங்கிய நாற்பது பக்க நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. பதில் தெரியாத கேள்வி, கேட்டவர் பெயர், தேதி, பதில் சொன்ன தேதி என்று நான்கே பத்திகள். கடைசிப் பத்தி பல இடங்களில் இன்னும் காலி. பாடவேளை குறைவு, பாடத்திட்டம் நீளம் என்பதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேள்வியை எழுதி வைக்க அரை நிமிடம் போதும். தொடக்கப் பள்ளியிலும் இந்த நோட்டுக்கு வேலை இருக்கும்; அங்கே பக்கங்கள் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மாணவர்களுக்குக் கொடுக்கச் சில கணக்குகள்:

1. 532 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்று மறைந்து இரண்டு சம ஃபோட்டான்கள் தோன்றினால் அவற்றின் அலைநீளம் என்ன? கண்ணுக்குத் தெரியுமா?

2. சிலிக்கான் அலைநடத்தியில் 1550 நானோமீட்டர் ஃபோட்டான்கள் இரண்டு மறைந்தன. தோன்றியவற்றில் ஒன்று 1530 நானோமீட்டர் என்றால் மற்றது எது?

3. இரண்டு உணர்விகளும் வினாடிக்கு 10,000 முறை தனித்தனியே தற்செயலாகத் துடிக்கின்றன. ஒரு நானோவினாடிக்குள் துடித்தால் "ஒரே நேரம்" என்று கொண்டால், ஒரு வினாடியில் எத்தனை தற்செயல் ஒற்றுமைகளை எதிர்பார்க்கலாம்?

விடைகள்: 1) 1064 நானோமீட்டர், தெரியாது. 2) ஏறக்குறைய 1570.5 நானோமீட்டர். 3) 0.1, அதாவது பத்து வினாடிக்கு ஒன்று.